தலைக்கு நாளொன்றுக்கு 106 ரூபாய்

சென்னை தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், செலவு 28.45 கோடி. மீட்டருக்குச் சுமார் 5 லட்சம். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று தலைமைச் செயலகத்தில் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கினார்கள். மாநில விலங்குக்கு 5 ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 25.14 கோடி. அந்தப் பணத்தில் இந்த நடைபாதையைக் கட்டியிருந்தால் 504 மீட்டரோடு நின்றிருக்கும். நடைபாதை வீண் என்று சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு முன் அங்கே ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்கியவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள். 2025 ஏப்ரலில் கேரளத்தோடு சேர்ந்து எண்ணியபோது தமிழகத்தில் மட்டும் 1,303. இந்த எண்ணிக்கையால் ஒதுக்கீட்டை வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 38,588 ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 106.

ஒரே ஆண்டில் 272 கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். முதல் முறை எண்ணியது 140 பிளாக்குகளில், அதாவது எண்ணுவதற்காகப் பிரித்த நிலப்பகுதிகளில். அடுத்த முறை 177-இல். பிளாக்குக்குச் சராசரி முதல் முறை 7.36, அடுத்த முறையும் 7.36. எல்லாப் பிளாக்கும் ஒரே அளவு அல்ல, அதனால் இது முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் ஆடு பெருகியதைவிட நாம் தேடிய இடம் பெருகியதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது என்பேன்.

அதே 2025 கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365. அதில் 841 இரவிகுளம் என்ற ஒரே பூங்காவில், வெறும் 97 சதுர கிலோமீட்டரில். இரு மாநிலமும் சேர்ந்த 2,668-இல் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் இது. அங்கே ஒரு தொற்று பரவினால் என்ன ஆகும் என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

வரையாடு மேய்வது புல்வெளியில். சிறுத்தை வந்தால் ஓடி ஏறுவது செங்குத்துப் பாறையில். மேகம் தவழும் சோலைக்காடு பள்ளத்தில் நிற்கும், சரிவெல்லாம் புல். அந்தப் புல்லை வெற்று நிலம் என்று நினைத்து, தோல் பதனிடவும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் சீகை (வாட்டில்), கற்பூர மரம், பைன் நட்டார்கள். மரத்தோட்டமும் விவசாயமுமாகச் சேர்ந்து, பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளியைத் தின்றுவிட்டன. சீகையை வெட்டினாலும் வேலை முடியாது. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடக்கும். வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் ஆள் போய்ப் பிடுங்க வேண்டும். அந்தக் கூலிக்கு 5 ஆண்டுத் திட்டம் போதாது.

அடுத்த கணக்கெடுப்பு அறிக்கையில் ஆடுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, சீகை நீக்கிப் புல்லை மீட்ட பரப்பையும் ஹெக்டேரில் அச்சிடட்டும்.