ஒருபக்கம் சாய்ந்த சரக்குந்து

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, மேடும் பள்ளமுமாக அமைந்த ஊர் ஆரியங்கோடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இடையே எல்லை அமைந்தாலும் இருபுறத்து மக்களின் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் காய்கறியும் பாறசாலை, களியக்காவிளை வழியாக இன்றும் வந்து செல்கின்றன. இவற்றைச் சுமப்பவற்றுள் 'பிக்கப்' எனப்படும் சிறு சரக்குந்தும் ஒன்று.

இத்தகைய வண்டி சில ஆண்டுகள் உழைத்தபின் ஒருபக்கம் தாழ்ந்து நிற்பதுண்டு. வண்டியையே நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தி அன்று. பழுது ஓரிடத்தில் இருக்க, வேறோர் உறுப்பை மாற்றினால் பணமும் போகும், சாய்வும் மாறாது. வளைவுகள் மிகுந்த சாலையில் பாரத்தோடு செல்லும்போது உயிருக்கும் இடர் நேரும். எனவே சாய்வு என்பது அறிகுறியே. அதன் காரணத்தை அளந்து அறிந்த பின்பே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

மூன்று அளவுகள்

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துதல் வேண்டும். தரை சாய்ந்திருந்தால் வண்டியும் சாய்ந்தே தோன்றும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பின்னர்ச் சரக்கை இறக்கி, இருபக்க டயர்களிலும் காற்றைச் சமமாக நிரப்பி, இடமும் வலமுமாக மூன்று உயரங்களை அளக்க வேண்டும்.

முதல் அளவு, தரையிலிருந்து சரக்குப் பெட்டியின் கீழ்விளிம்பு வரை உள்ள உயரம். இரண்டாம் அளவு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதே விளிம்பு வரை உள்ள உயரம். மூன்றாம் அளவு, சக்கரங்களை இணைக்கும் அச்சிலிருந்து, வண்டியைத் தாங்கும் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் வரை உள்ள உயரம்.

முதல் அளவு மட்டும் இருபக்கமும் வேறுபட்டால் குறை டயரில் உள்ளது. ஒன்று தேய்ந்திருக்கலாம்; அல்லது இரண்டும் வெவ்வேறு அளவினவாக இருக்கலாம். இரண்டாம் அளவும் வேறுபட்டு, மூன்றாம் அளவு சமமாக இருந்தால், அடிச்சட்டத்தின்மேல் பெட்டியைப் பொருத்திய இடத்தில் குறை உள்ளது. மூன்றாம் அளவே வேறுபட்டால், அச்சுக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையில் உள்ள வில்லை ஆராய வேண்டும்.

குறை முன்பக்கத்திலா, பின்பக்கத்திலா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. தேர்ந்த தொழிலாளர் அடிச்சட்டத்தின் முன்பகுதியை நடுவில் ஒரே இடத்தில் ஜாக்கியால் உயர்த்துவர். அப்போது முன்பக்க விற்களின் வேலை நின்றுவிடும். சாய்வு மறைந்தால் குறை முன்பக்கத்தது. சாய்வு நிலைத்தால் குறை பின்பக்கத்தது.

வில்லின் இயல்பு

பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் பட்டைவில் இருக்கும். நீண்ட எஃகுப் பட்டைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கட்டி அமைத்ததே பட்டைவில். பட்டறைத் தொழிலாளர் இதனைக் 'கமான் பட்டை' என்பர்.

வில்லின்மேல் ஏற்றும் பாரத்திற்கு ஏற்ற அளவில் வில் அமிழும் என்னும் உண்மையை ஆங்கிலேய அறிஞர் இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கினார். பாரம் இரு மடங்கானால் அமிழ்வும் இரு மடங்காகும். பாரத்தை நீக்கினால் வில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து பாரம் ஏற்றினால் எஃகு நிலையாக வளைந்துவிடும். பலமுறை வளைந்து நிமிர்வதால் பட்டையில் வெடிப்பு உண்டாகி, அது முறிவதும் உண்டு.

இவ்விரு குறைகளையும் வேறுபடுத்தி அறிய, வண்டியை வெறுமையாக ஒருமுறையும், பாரத்தை நடுவில் ஏற்றி ஒருமுறையும் அளக்க வேண்டும். ஒருபக்க வில் தன் வளைவை இழந்து தளர்ந்திருந்தால், வெறும் வண்டியே சாய்ந்து நிற்கும். பாரம் ஏற்றினாலும் அவ்வேறுபாடு பெரிதும் மாறாது. பட்டை முறிந்திருந்தால், அப்பக்கம் வில்லின் வலிமையே குறைந்துவிடும். எனவே பாரம் கூடக் கூடச் சாய்வும் கூடும். முறிவு பெரும்பாலும் நடுக்கட்டின் அருகிலோ பட்டையின் முனையிலோ காணப்படும். சேறு படிந்திருந்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பட்டையைத் துடைத்துப் பார்த்தல் நன்று.

சரக்கும் சாலையும்

சில வேளைகளில் வண்டியில் குறையே இராது. சரக்கை ஏற்றிய முறையே சாய்வை உண்டாக்கும். எடுத்துக்காட்டாக, 600 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கமாக 15 சென்டிமீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். இரு விற்களுக்கும் இடையிலான தூரம் 100 சென்டிமீட்டர் எனில், இடப்பக்க வில் 390 கிலோவையும் வலப்பக்க வில் 210 கிலோவையும் தாங்கும். 60 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும் வில்லானால், இடப்பக்கம் 6.5 சென்டிமீட்டரும் வலப்பக்கம் 3.5 சென்டிமீட்டரும் அமிழும். பெட்டியின் அகலம் விற்களின் இடைவெளியைவிட மிகுதி; ஆதலால் அதன் விளிம்பில் இவ்வேறுபாடு 3 சென்டிமீட்டரையும் கடக்கும்.

சாலையும் இதற்குத் துணைபோகும். மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்தி அமைப்பர். இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால், இடப்பக்க வில் சற்றே மிகுதியான பாரத்தைத் தாங்க நேரும். ஆண்டுக்கணக்கில் உழைத்த வண்டியில் இது வேறுபாட்டை வளர்க்கலாம்.

தவறான மருந்து

வண்டி சாய்ந்தவுடன் ஷாக் அப்சார்பரை மாற்றுவோர் உண்டு. எண்ணெய் நிறைந்த அவ்வுறுப்பின் வேலை வண்டியின் குலுக்கத்தை விரைவில் அடக்குவதே. பாரத்தைத் தாங்குவது வில்லின் வேலை. ஆகவே ஷாக் அப்சார்பரை மாற்றுவதால் சாய்வு தீராது. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவதும் முறையன்று. அது சாய்வை மறைக்குமே அன்றி, முறிந்த பட்டையைச் சீராக்காது. ஒருபக்க வில்லை மாற்றும்போது மறுபக்க வில்லையும் உடன் மாற்றுவது வழக்கம். பழைய வில்லும் புதிய வில்லும் ஒரே அளவாக அமிழா.

வண்டி வலப்பக்கமாகத் திரும்பும்போது அதன் உடல் இடப்பக்கம் சாயும். முன்னரே இடப்பக்கம் தாழ்ந்த வண்டி அப்போது இன்னும் சாய்ந்து, உயரமாகச் சரக்கு ஏற்றியிருந்தால் கவிழவும் கூடும். முழம் அளக்கும் நாடாவும் சிறிது பொறுமையும் இருந்தால், இத்தகைய இடரை முன்கூட்டியே தடுக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

இடர் – துன்பம்
அமிழ்தல் – கீழே தாழ்தல்
ரசமட்டம் – தளம் சமமாக உள்ளதா எனக் காட்டும் கருவி
மரச்சீனி – மரவள்ளி

பயிற்சி

1. மூன்று அளவுகளும் எவ்வெவ்விடங்களில் எடுக்கப்படுகின்றன?
2. தளர்ந்த வில்லையும் முறிந்த வில்லையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. மேற்கண்ட எடுத்துக்காட்டில் பாரத்தின் நடுப்புள்ளி 10 சென்டிமீட்டர் மட்டும் விலகினால், ஒவ்வொரு வில்லும் எத்தனை கிலோ தாங்கும்?
4. 'வில்', 'பாரம்', 'சரிவு' ஆகிய சொற்கள் மலையாளத்தில் எவ்வாறு ஒலிக்கின்றன? கேட்டறிந்து எழுதுக.

செய்து பார்க்க: ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் வளையங்களில் ஓர் அளவுகோலின் இரு முனைகளையும் தொங்கவிடுக. சிறிய பை ஒன்றை முதலில் நடுவிலும், பின்னர் ஓரத்தை நோக்கி நகர்த்தியும் மாட்டுக. இரு வளையங்களின் நீளத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து அட்டவணைப்படுத்துக. (வண்டியின் அடியில் சென்று பார்ப்பது பெரியவர்களின் வேலை, மாணவர் அதனைச் செய்தல் கூடாது.)