இடி முழங்கும் முன்னே…



திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அர்ரஃது’. இடி என்பது அதன் பொருள். இடியோசை கேட்டதும் நம் இல்லங்களில் துஆ எழுவது நன்று. ஆனால், மின்னும் வேளையில் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே துஆ ஓதுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தினார்கள் அல்லவா?

முன்னேற்பாடு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு திருவரங்கம். 1977 நவம்பர் புயல்மழையில் திருச்சி நகரம் வெள்ளத்தில் தத்தளித்தது. 2018 நவம்பரில் கஜா புயலால் மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது; குழாயில் நீர் வராது. ஆகவே குடிநீர், டார்ச் விளக்கு, பெரியவர்களின் மருந்துகள் ஆகியவற்றை முன்னரே எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை முதலிய ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்துங்கள். வானம் கறுக்கும்போதே தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இடியின்போது

மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாயின், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வீட்டிற்குள் வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே செல்லாதீர்கள். மரத்தடியும் தகரக் கொட்டகையும் ஆற்றங்கரையும் ஆபத்தானவை. மூடிய கார் பாதுகாப்பானது, ஆட்டோ அவ்வாறன்று. உலோகக் குழாய் வழியே மின்னல் பாயக்கூடும். எனவே அந்நேரம் குழாயில் குளிக்காதீர்கள். ஒளூவுக்கும் வாளியில் முன்பே நீர் பிடித்து வையுங்கள்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிராது. அஞ்சாமல் தொட்டு உதவுங்கள், 108ஐ அழையுங்கள், மூச்சும் நாடியும் இல்லையெனில், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இடைவிடாது அழுத்துங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை மட்டும் நெருங்காதீர்கள்.

பெருமழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். உயிரைப் பேணுவதும் மார்க்கம் காட்டிய வழியே.

தனித்து வாழும் அண்டை வீட்டு முதியவர் எச்சமயத்தவராயினும், மழைக்கு முன் ஒருமுறை அவர் கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.