கரிகாலனைக் கொன்றது யார்?

நங்கநல்லூர் மாணவர் ஒருவர், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் படித்து முடித்து, "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்றே சொல்லவில்லையே, ஐயா!" என நம்மிடம் சினந்தார்.

1950 முதல் 1954 வரை அதனைத் தொடராகப் படித்தோரும் முடிவு குறித்துக் குறைப்பட்டதுண்டு. ஆசிரியர் முடிவுரை எழுதியும் இப்புதிர் முற்றும் அவிழவில்லை.

இதில் அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கொலைத் துரோகிகள் என்கிறது; ஏவியவர் எவரேனும் உண்டா என்பது பற்றிப் பேசவில்லை. உத்தம சோழரை ஐயுற்ற வரலாற்றறிஞரும் உளர். சான்றின்றி ஒரு பெயரை எழுதிவிட்டால் இறந்தவர்மேல் பழி நிலைத்துவிடும். நாவலைப் படிப்போர் எல்லாரும் கல்வெட்டைப் படிப்பதில்லையே!

"அப்படியானால் நந்தினியின் தந்தை யார்? அவள் கற்பனைதானே?" என்றார் மாணவர். அதற்குக் கல்வெட்டைத் துணைக்கழைக்க நம்மால் இயலவில்லை.