கற்பனை ஆட்டமும் நண்பகல் கச்சேரியும்

கற்பனை ஆட்டம் என்றதும் நண்பர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். 1980-இல் பேஸ்பாலை வைத்து அதற்கு இன்றைய வடிவம் தந்தவர்கள் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரும் அவர் தோழர்களும். வரையறுத்த தொகைக்குள் ஆட்டக்காரரை ஏலம் எடுக்க வேண்டும். புகழ் பெற்றவரை எடுத்தால் கை காலியாகிவிடும். ஆகவே எவரும் அறியாத இளையவரைத் தேடிப் பிடிப்பவனே கெட்டிக்காரன்.

இத்தேடலை இசைக்குத் திருப்பினால் என்ன? டிசம்பரில் சென்னைச் சபாக்களின் நண்பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இளம் பாடகருக்கே உரியவை. பலவற்றுக்குச் சீட்டும் வேண்டியதில்லை. ஆயினும் நாற்காலிகள் காலி! (சிற்றுண்டிச் சாலையிலோ நிற்க இடமிராது.)

விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஆளுக்கு 100 கற்பனைக் காசு வைத்து 5 இளம் பாடகரை ஏலம் எடுப்போம். யூடியூப் பார்வைகளைப் புள்ளியாக்கினால் முன்பே புகழடைந்தவரே முந்துவார். எனவே, நம் பாடகரின் கச்சேரிக்கு நேரில் சென்றால் 1 புள்ளி, புதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் 3.

மெய்க்காசு மட்டும் கூடாது. 2006-இல் தோன்றிய செல்லாபேண்ட், 10 டாலர் பங்குகளாக ரசிகரிடம் 50,000 டாலர் திரட்டிக் குழுக்களை இசைத்தட்டு வெளியிடச் செய்தது. 2010-இல் அதுவே நொடித்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்துவிட்டது.

புள்ளிக் கணக்கெழுத என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெயர் தருவோர் தேர்வுக்கு முன்பே தரலாம்.