கழிப்பறைக்கு ஓட்டு, கட்டடத்துக்கு?

சிங்கப்பூரில் பழைய வீவக அடுக்குமாடி ஒன்றின் கழிப்பறைகளைப் புதுப்பிக்கணும்னா முதலில் அந்தக் கட்டடத்தில் வாக்கெடுப்பு. வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 சதவீதமாவது 'சரி' சொல்லணும். 2007இல் அறிவித்த வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் விதி இது.

கட்டடத்தையே இடிப்பதற்கு? 1995இல் வந்த 'செர்ஸ்' திட்டத்தில் வாக்கெடுப்பே கிடையாது. எந்தப் பேட்டை என்று அரசு தீர்மானித்து அறிவித்துவிடும். பழைய வீட்டுக்குச் சந்தை விலை, வேறிடத்தில் 99 வருடக் குத்தகையில் புது வீடு. நிறையப் பேர் இதை லாட்டரி மாதிரிதான் பார்த்தாங்க. ஓட்டு இல்லையேன்னு பெரிசா குரல் எழாததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

டாங்ளின் ஹால்ட்டை எடுத்துக்குங்க. (முன்பு ரயில் நின்று போன இடம், அதனால்தான் 'ஹால்ட்'.) 2014இல் 31 கட்டடங்கள் அறிவிக்கப்பட்டன, வீடுகளோட கடைகள், ஈரச்சந்தை, உணவங்காடி நிலையமும் சேர்த்து. வீட்டுக்காரருக்குப் பதில் வீடு கிடைக்கும். கடைக்காரருக்கு வேறு கடைகூடக் கிடைக்கலாம். ஆனா தினமும் காலையில் வந்து நின்ன முகங்களை எந்தக் கழகத்தாலும் ஒதுக்கித் தர முடியாதே.

2018இல் அறிவித்த 'வெர்ஸ்' திட்டத்தில் ஓட்டு உண்டு. கட்டடத்துக்குச் சுமார் 70 வயசானதும், இடிக்கலாமான்னு குடியிருப்பவர்களையே கேட்பாங்க. இழப்பீடு மட்டும் செர்ஸ் அளவுக்கு இருக்காதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. 'வேண்டாம்'னு போட்டால் குத்தகை முடியும்வரை அங்கேயே இருக்கலாம். முடிந்த பிறகு வீடு அரசுக்குப் போய்விடும், இழப்பீடு இல்லாமல்.