நீலம் மாவின் கொடை

ஏலகிரி மலையின் அடிவாரத்தில், நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் என விரியும் நிலப்பரப்பு மாந்தோப்புகளால் செழித்தது. அருகிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் உலகம் தோல் தொழிலையே நினைக்கும். இவ்வட்டாரத்தின் மற்றொரு செல்வம் மா. பங்கனப்பள்ளியும் செந்தூரமும் சந்தையை விட்டு நீங்கும் ஆனி, ஆடித் திங்கள்களில் வருவது நீலம். சிறிய பழம், மணமோ பெரிது, விலை எளியோர்க்கும் எட்டுவது. நாட்டின் புதிய மாவகைகள் பல இவ்வெளிய பழத்திற்குக் கடன்பட்டவை.

மாமரத்தின் பெருங்குறை ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வது. நிறையக் காய்த்த மரம் தன் மாவுச்சத்தைக் காய்களுக்கே செலவிட்டு விடுகிறது. வளரும் விதைகளில் சுரக்கும் கிப்பரெல்லின் என்னும் வளரூக்கி அடுத்த பருவத்துப் பூமொட்டுகளைத் தடுக்கிறது. நீலமோ ஆண்டுதோறும் காய்க்கும் இயல்புடையது. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்பண்பை நாடி, நீலத்தைத் தாயாகவும் வடநாட்டுத் தசேரியைத் தந்தையாகவும் கொண்டு மல்லிகாவை உருவாக்கினர். தாய் தந்தையரை இடம் மாற்றி ஆம்ரபாலியை ஈன்றெடுத்தனர். ஆம்ரபாலி குட்டையாக வளர்வது. வழக்கமான பத்து மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 100 மரங்களே நிற்கும். ஆம்ரபாலியை இரண்டரை மீட்டர் இடைவெளியில் 1,600 வரை நடலாம். கொங்கணத்து வெங்குர்லாவில் 1981இல் வெளியிடப்பட்ட இரத்னாவும் நீலத்திற்கும் அல்போன்சாவிற்கும் பிறந்ததே.

நீலத்தின் கொட்டையை நட்டால் நீலம் முளைப்பதில்லை. அயல் மகரந்தத்தால் உருவாகும் ஒற்றைக் கரு தாயின் பண்புகளை அப்படியே பெறாது. எனவே ஒட்டுக்கட்டுதலே வழி. தோப்புதோறும் நிற்கும் நீல மரங்கள் யாவும் பெயரறியா உழவர் ஒருவர் தேர்ந்த ஒரே மரத்தின் நீட்சி எனலாம்.

இந்நீட்சிக்கு இடர்களும் உண்டு. மாங்கொட்டைக் கூன்வண்டு பிஞ்சின் தோலில் முட்டையிடுகிறது. புழு துளைத்துக் கொட்டையை அடைந்தபின் துளை ஆறிவிடும். வெளியே வடுவறியாத பழத்தை அறுத்தால் வண்டு பறக்கும். மண்ணில் ஏறும் உப்பு அதனினும் கொடிது. மாவின் இலைநுனியைக் கருக்கி வளர்ச்சியைக் குன்றச் செய்வது. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் உப்பு மிகுந்த கழிவுநீர் கெடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே இழப்பீடு தருதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மனிதரின் குடிநீரைப் போலவே மரங்களின் வேரையும் காக்கத்தக்கது.

நெல்லையும் கேழ்வரகையும் உலர்த்திக் குளிர் அறையில் பல்லாண்டு சேமிக்கலாம். மாங்கொட்டை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். ஆகவே மாவகை ஒன்று வாழ வேண்டுமாயின் அது மரமாகவே நிலத்தில் நின்றாக வேண்டும். உழவரின் தோப்பே அதன் கருவூலம். நீலத்திற்கு உரிய விலையும் உப்பேறாத மண்ணும் அளிப்பது, நாளை பிறக்கவிருக்கும் மாவகைகளுக்கு நாம் ஆற்றும் கடமை.