தலையணைக்கு அடியில் ஒரு காதல் கதை

காமம் கலந்த காதல் நாவல் வேறு, காமக் கதை வேறு. கடைக்காரரும் சட்டமும் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட, நடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எழுதுகிற பெண்தான்.

எச்.எம்.டி. தொழிற்சாலை, கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகள். களமசேரியை யாரும் இலக்கியத் தலமாக நினைப்பதில்லை. ஆனால் அந்த ஊருக்கு இரண்டு பக்கமும் மலையாளத்தின் இரண்டு விதமான 'காதல்' குடியிருக்கிறது. ஒரு பக்கம் ஆலுவா. அதை அடுத்த ஸ்ரீமூலநகரத்தில்தான் வெண்மணி நம்பூதிரிகளின் இல்லம். 19ஆம் நூற்றாண்டில் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து, சிருங்காரம் வழிய வழிய, எளிய மலையாளத்தில் கவிதை கட்டியவர்கள். மகன் வெண்மணி எழுதிய 'பூரப்பிரபந்தம்' திருச்சூர்ப் பூரத்தைப் பற்றியது. யானையைவிட, பூரம் பார்க்க வந்த பெண்கள் மீதுதான் அதற்குக் கண் அதிகம்.

மறுபக்கம் இடப்பள்ளி. சங்கம்புழா கிருஷ்ண பிள்ளையின் ஊர். அவர் பெயரிலான பூங்காவுக்கு இன்று ஒரு மெட்ரோ நிலையமே இருக்கிறது. அவரது நண்பரும் சக கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936ல் காதல் தோல்வியில் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்தில் பிறந்த 'ரமணன்' காவியத்தை ஒரு தலைமுறையே மனப்பாடமாகச் சொன்னது. ஆட்டிடையன் ரமணன், பணக்காரப் பெண் சந்திரிகா. உருகி உருகிக் காதல். உடம்பு என்ற ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை.

ஒருபுறம் காதலைப் பற்றிக் கவலைப்படாத உடம்பு. மறுபுறம் உடம்பை மறந்த காதல். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதினால் என்ன ஆகும்? பிற்காலத்தில் பல ஆண்டுகள் கொச்சியில் வாழ்ந்த மாதவிக்குட்டி, அதாவது கமலா தாஸ், அதைத்தான் செய்து பார்த்தார். 1972ல் 'மலையாளநாடு' வார இதழில் 'என்டெ கதா' தொடராக வந்தபோது கேரளம் கொதித்தது. உண்மையா, கற்பனையா என்பதுதான் பெரிய சர்ச்சை. அவரும் ஒரு சமயம் ஒன்று, இன்னொரு சமயம் வேறொன்று என்று பதில் சொல்லி வந்தார். அந்தப் புத்தகத்தின் இன்னொரு சங்கடம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதை வைக்க அலமாரி இல்லை. குடும்பக் காதல் கதை அலமாரியில் அது அடங்காது. ஒளித்து விற்கிற புத்தகங்களோடும் சேராது.

இந்த அலமாரிக்கு ஆங்கிலப் பதிப்புலகம் வைத்திருக்கும் பெயர் 'எராட்டிக் ரொமான்ஸ்'. இதன் பக்கத்து வீடு 'எராட்டிகா'. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். படுக்கையறைக் காட்சிகள் குறைவாக இருந்தால் முதலாவது, கூடுதலாக இருந்தால் இரண்டாவது என்பது பொதுவான நினைப்பு. அது தவறு. அளவில் இல்லை விஷயம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாவலிலிருந்து அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துவிட வேண்டும். சாதாரணக் காதல் நாவலாக இருந்தால் ஒன்றும் குறையாது. சில வாசகிகள் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். எராட்டிகாவில் அட்டை மட்டும்தான் கையில் மிஞ்சும், ஏனென்றால் அங்கே ஆசைதான் கதை. எராட்டிக் ரொமான்ஸ் இந்தச் சோதனையில் நொண்ட ஆரம்பிக்கும். 80ஆம் பக்கத்தில் முறைத்துக்கொண்டிருந்தவள் 95ஆம் பக்கத்தில் ஏன் அழுகிறாள் என்று புரியாது. சண்டை தீர்ந்ததும், பொய் வெளிப்பட்டதும், நம்பிக்கை பிறந்ததும் கிழித்தெறிந்த பக்கங்களில்தான். அங்கே படுக்கையறை கதையை நகர்த்துகிற இடம். மற்ற நாவல்களில் கடிதமும் தொலைபேசியும் செய்கிற வேலையை இங்கே தொடுகை செய்கிறது.

இன்னொரு வித்தியாசம் முடிவில். காதல் நாவல் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: கடைசியில் இருவரும் சேருவார்கள், அல்லது சேருவார்கள் என்ற நம்பிக்கையாவது இருக்கும். எவ்வளவு சூடாக இருந்தாலும் எராட்டிக் ரொமான்ஸ் இந்த வாக்கை மீறாது. எராட்டிகா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. விடிகாலை ரயிலில் அவள் தனியாக ஏறிப் போய்விட்டாலும் கதை முடிந்த கதைதான். அந்த இரவில் அவள் தன்னைப் பற்றி எதையோ தெரிந்துகொண்டாள் என்பதே போதும்.

இதில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று இல்லை. சொல்லப்போனால் நல்ல எராட்டிகா எழுதுவதுதான் கடினம். 1940களில் பெயர் சொல்லாத ஒரு பணக்கார ரசிகருக்காகப் பக்கத்துக்கு ஒரு டாலர் கூலியில் காமக் கதை எழுதிக்கொடுத்தார் அனாயிஸ் நின். ரசிகரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த புகார் ஒன்றுதான்: கவித்துவத்தைக் குறையுங்கள், விஷயத்துக்கு வாருங்கள். நின்னுக்கு ஆத்திரம். மனசு, பொறாமை, கனவு எல்லாவற்றையும் கழித்துவிட்டால் காமமே செத்துப்போகும் என்பது அவர் வாதம். அந்தக் கதைகள் 'டெல்டா ஆஃப் வீனஸ்' என்ற தொகுப்பாக வெளியானது 1977ல்; அதே வருடத் தொடக்கத்தில் அவர் இறந்துவிட்டார். ரசிகர் கேட்ட சரக்கின் பெயர் போர்னோகிராபி, அது மூன்றாவது வீடு. அங்கே உடம்புகள் மட்டும் உண்டு, ஆட்கள் கிடையாது.

அமெரிக்காவில் இந்த வியாபாரத்துக்கு வடிவம் கொடுத்த நிறுவனங்களில் ஒன்றின் பெயர் நம்மவர்களுக்கு வியப்பைத் தரும்: 'எல்லோராஸ் கேவ்'. நம் எல்லோரா குகைதான். டீனா எங்லர் என்ற எழுத்தாளர் 2000ல் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கினார். பெரிய பதிப்பாளர்கள் 'இது காதல் நாவலுக்கு மீறிய சூடு' என்று ஒதுக்கிய எழுத்துக்கு 'ரொமான்டிகா' என்று பெயர் சூட்டி, மின்நூலாக விற்றார். மின்நூலுக்கு அட்டை வெளியே தெரியாது, பேருந்தில்கூடத் தைரியமாகப் படிக்கலாம். அந்த நிறுவனம் 2016ல் மூடப்பட்டது. அதற்குள் 2011ல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' தன் அடுத்த இரு பாகங்களோடு சேர்த்து 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தள்ளியது. அதை எல்லோரும் காமப் புத்தகம் என்றுதான் ஏசினார்கள். மூன்றாம் பாகத்தில் கல்யாணம், குழந்தை, குடும்பம். சாட்டையும் கைவிலங்கும் இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய பணக்கார மாப்பிள்ளைக் கதை.

கேரளத்துக்குத் திரும்புவோம். முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' 1950களில் வந்து, ஒரு முழு ரகத்துக்கே 'பைங்கிளி' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. கண்ணீரும் காதலுமாகக் கோட்டயத்து வார இதழ்கள் வளர்ந்தன. 80களில் 'மங்களம்', 'மலையாள மனோரமா' வார இதழ்களின் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. இவை வரவேற்பறையில் கிடக்கலாம். இன்னொரு ரகம் 'கொச்சு புஸ்தகம்', சின்னப் புத்தகம். மடித்து முண்டுக்குள் செருகிக்கொள்ள வசதியான அளவு. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையக் கடைகளில் 'சரோஜாதேவி' என்ற பெயரில் பின்னடித்து, மற்றப் பத்திரிகைகளுக்குப் பின்னால் தொங்கியதே, அதன் மலையாளச் சகோதரன்.

ஆக, இரண்டு மொழிகளிலும் பிரிவினை காதலுக்கும் காமத்துக்கும் இடையில் நடக்கவில்லை. வெளியே வைக்கலாம், ஒளித்து வைக்க வேண்டும் என்பதுதான் பிரிவினை. நடுவே நின்றவர்கள் திண்டாடினார்கள். மலையாளத்தில் பம்மனை எடுத்துக்கொள்ளலாம். 'பிராந்து' எழுதியவர் என்பதால் அவர் பெயரே ஒளித்துப் படிக்கும் பெயராகிவிட்டது. ஆனால் அவர் கதையை வைத்து சேதுமாதவன் 1974ல் எடுத்த 'சட்டக்காரி' என்ன? ஆங்கிலோ இந்தியப் பெண் ஜூலி, இந்துப் பையன் சசி, எல்லை மீறிய ஒரு பொழுது, அதன் விளைவான குழந்தை. அந்த ஒரு பொழுதை எடுத்துவிட்டால் படமே இல்லை. சோதனையில் தேறுகிற அசல் எராட்டிக் ரொமான்ஸ். லட்சுமி நடிக்க, அடுத்த வருடமே இந்தியில் 'ஜூலி'யாகவும் சக்கைப்போடு போட்டது.

தமிழில் இந்தத் திண்டாட்டம் ஒரே மனிதரை இரண்டாகப் பிளந்தது. 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலனும், இளசுகள் தேடிப் படித்த புஷ்பா தங்கதுரையும் ஒருவரே. அரங்கனுக்கு ஒரு பேனா, அந்தரங்கத்துக்கு ஒரு பேனா. மறுபுறம் ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் கதாநாயகனைக் கதாநாயகியின் விரல் நுனிக்குமேல் அதிகம் நகரவிடாமலே லட்சக்கணக்கான வாசகிகளைக் கட்டிப்போட்டார்.

இத்தனைக்கும் தமிழுக்கு இந்தக் கலவை புதிதல்ல. திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரம். களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. முதல் பார்வையில் தொடங்கி, கூடி, பிரிந்து, ஏங்கி, ஊடி, கடைசி அதிகாரமான ஊடலுவகையில் முடிகிறது. தொடுகையை எடுத்துவிட்டால் பிரிவுக்குப் பொருள் இல்லை, சேர்ந்துதான் முடிகிறது. வள்ளுவரைப் பதிப்பாளரிடம் அனுப்பினால் எந்த அலமாரி காட்டுவார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்று அந்த நடு அலமாரி கைபேசியில் முளைத்துவிட்டது. பிரதிலிபி போன்ற தளங்களிலும் மின்நூலிலும் தமிழ்ப் பெண்கள் தொடர்கதைகளாக எழுதிக் குவிக்கிறார்கள். படுக்கையறைக் கதவு முன்பு போல 'விளக்கை அணைத்தான்' என்ற வரியோடு சாத்திக்கொள்வதில்லை. ஆனால் பெயர்ப்பலகை இன்னும் குழப்பம். '18+' என்ற ஒரே முத்திரை எல்லாவற்றுக்கும். காதல் தேடி வந்தவர் கையில் வெறும் காமம் கிடைக்கிறது, அதைத் தேடி வந்தவர் மாமியார் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய வில்லங்கமும் உண்டு. 'காதல்' என்ற முத்திரை சில சமயம் வன்முறைக்குப் போர்வையாகிறது. 1972ல் அமெரிக்கக் காதல் நாவலின் கதவைத் திறந்துவிட்டதாகக் கொண்டாடப்படும் காத்லீன் வுடிவிஸ்ஸின் 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' நாவலில், தொடக்கத்தில் நாயகியைப் பலாத்காரம் செய்பவன்தான் கதாநாயகன். பிறகு கல்யாணம், காதல், சுபம். மேற்கே இன்று இதை எழுதினால் வாசகிகளே கேள்வி கேட்கிறார்கள். நம் 'ஆன்டி ஹீரோ' நாவல்களில் அறைந்து, பூட்டி வைத்து, பலவந்தப்படுத்திவிட்டு 36ஆம் அத்தியாயத்தில் உருகுகிறவன் இன்னும் நாயகனாகவே உலவுகிறான். அவனைவிட, காதல் என்று பொய் சொல்லாமல் இருவர் சம்மதத்தோடு எழுதப்பட்ட எராட்டிகா எவ்வளவோ நாகரிகமானது.

சட்டத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. 1964ல் 'லேடி சாட்டர்லிஸ் லவர்' விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நாவலும் கிழித்துப் பார்க்கும் சோதனையில் தேறுகிற காதல் கதைதான். 1985ல் சமரேஷ் பாசுவின் வங்க நாவல் 'பிரஜாபதி' வழக்கில் நீதிமன்றம் சற்று இறங்கி வந்தது: கொச்சை வேறு, ஆபாசம் வேறு. 2014ல் அவீக் சர்க்கார் வழக்கில், விக்டோரியா காலத்து ஹிக்ளின் அளவுகோலையே கைவிட்டு, படைப்பை முழுமையாகவும் இன்றைய சமூகத்தின் கண்ணோட்டத்திலும் பார்க்க வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் பழைய 292ஆம் பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு. முதல் குற்றத்துக்கு இரண்டு வருடம்வரை சிறை. இலக்கியத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் தன் எழுத்து இலக்கியம் என்று எழுதியவர்தான் வழக்கு மன்றத்தில் நின்று வாதாட வேண்டும்.

வாதாடிய ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' எழுதினார். தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணம் செய்துவைக்கிறாள் ராதை. அந்தரங்கப் பாடமும் அவளே சொல்லிக்கொடுக்கிறாள். பிறகு பொறாமையில் வெந்து, கோபித்துக்கொள்கிறாள். கண்ணன் வந்து சமாதானம் செய்கிறான். சாந்த்வனம் என்றாலே சமாதானம். ஆசையைக் கேட்டு வாங்குகிறவள் பெண். அவள் கோபம் தீர்வதுதான் கதை. 1910ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் இதை முழுமையாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள். சமூகச் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சா இது என்று ஏற்கெனவே இந்நூலைக் கண்டித்திருந்தார். ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதியவற்றை ஏற்றுக்கொண்டவருக்கு இது மட்டும் ஏன் உறுத்துகிறது, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று கேட்டார் நாகரத்தினம்மாள்.

1911ல் சென்னைப் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை விழுந்தது. நீங்கியது பிரகாசம் ஆட்சியில், 1947ல். வாவிள்ள ராமசாமி சாஸ்த்ருலு நிறுவனத்தின் மறுபதிப்பு வெளியானது 1952ல். நாகரத்தினம்மாள் காலமானதும் அதே வருடம்தான்.